பந்தியில் விடுபட்ட பாட்டில்கள்

பாப்பா,

நேற்றுச் சாயங்காலம் நீ போனில் கேட்டதற்கு "பார்ப்போம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். உரக்கடைக்காரன் பார்ப்போம் என்று சொன்னால் கடையில் சரக்கு இல்லை என்று அர்த்தம், அது உனக்கும் தெரியும். என்னிடம் பதில் இருந்தது. ஆனால் உன் அம்மா பக்கத்தில் நின்றுகொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவளுக்கு முன்னால் சொன்னால் என் குரல் என்ன ஆகுமோ என்று பயமாக இருந்தது. அதனால் இன்றைக்குத் திருப்பரங்குன்றத்தில் கடையைத் திறந்து, சாமி படத்துக்குப் பூ வைத்துவிட்டு, கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதுகிறேன். நடுவில் யாராவது வந்தால் எழுந்து போய்விட்டு வருவேன். கோர்வை அறுந்திருந்தால் நீயே முடிச்சுப் போட்டுக்கொள்.

தெற்கே பனிக்கடலுக்குப் போகிற ஆராய்ச்சிக் கப்பலில் உனக்கு இடம் கிடைத்திருக்கிறது. படிப்பை ஆரம்பித்த நாளிலிருந்து நீ கேட்டுக்கொண்டிருந்த கப்பல் அது. மாப்பிள்ளை சரி என்றுவிட்டார், உன் மாமியார் சரி என்றுவிட்டார், உன் கைடு மேடம் பெட்டியைக் கட்டு என்றே சொல்லிவிட்டார். இத்தனைக்கும் பிறகு, "அப்பா, ஒங்க கால் புண்ணு இன்னும் ஆறல, சுகரும் எறங்கல. நான் போகவா, வேணாமா? நீங்க என்ன சொல்றீங்களோ அதான்" என்று என் தலையில் இறக்கிவைத்துவிட்டாய். மூட்டை இறக்குவதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு, ஆனால் இது கொஞ்சம் கனமான மூட்டை. பதிலைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் உன் கல்யாணத்தில் நடந்ததை ஒரு தடவை என் வாயால் சொல்லிப் பார்க்க வேண்டும். நீ மணவறையில் இருந்தாய், பாதிக் கூத்தை நீ பார்க்கவில்லை.

நீ டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாய் என்று தெரிந்ததும் நம் சொந்தக்காரர்கள் மூட்டு வலிக்கு மருந்து கேட்டு வரிசையில் வந்தார்கள். இது அந்த டாக்டர் இல்லை, கடலில் இருக்கிற பாக்டீரியாவைப் பற்றிப் படிக்கிற டாக்டர் என்று நான் சொன்னதும், "பாவம், இம்புட்டுப் படிச்சும் கிருமிக்கு வைத்தியம் பாக்குறாப்புல ஆகிப்போச்சே" என்று என்னை ஆறுதல்படுத்திவிட்டுப் போனார்கள். எனக்கே முதலில் விளங்கவில்லை. பிறகு நீ ஒருநாள் இதே கடையில் யூரியா மூட்டை மேல் உட்கார்ந்து சொன்னாய். கடல் தண்ணீரில் ஒரு கரண்டிக்குள்ளேயே எண்ணி முடியாத அளவு பாக்டீரியா இருக்கிறது, அவை எல்லாம் வளரத் துடித்துக்கொண்டிருக்கின்றன, ஆனால் வளர முடியாது, ஏனென்றால் சாப்பாட்டில் ஏதாவது ஒன்று குறைகிறது. மற்றதெல்லாம் கொட்டிக் கிடந்தாலும் பிரயோசனம் இல்லை, குறைகிற அந்த ஒன்று எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுதான் வளர்ச்சி. ஒவ்வொரு கடலிலும் ஒவ்வொன்று குறையும், நம் பக்கத்துக் கடலில் எது குறைகிறது என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலை என்றாய்.

நான் யோசிக்கவே இல்லை. "இதுக்கா இத்தன வருசப் படிப்பு? தழைச்சத்துதான். யூரியா போட்டா எல்லாம் சரியாப் போகும்" என்றேன். எந்தப் பயிருக்கு என்ன வந்தாலும் கடைக்கு வருகிறவர்கள் கேட்பது யூரியாதான், நானும் அதையே எடுத்துக் கொடுத்துக் கொடுத்துப் பழகிவிட்டேன். கடலுக்கு எத்தனை மூட்டை தேவைப்படும் என்று மனக்கணக்குக்கூடப் போட்டேன். நீ சிரித்துவிட்டு, "பாக்கலாம்ப்பா" என்றாய். உன்னுடைய பாக்கலாமும் என் பார்ப்போமைப் போலத்தான் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

உன் சோதனைக்கான தண்ணீர் உன் கல்யாண வாரத்தில் வந்து சேர்ந்ததுதான் வினை. நடுக்கடலில் எடுத்த தண்ணீரோடு கப்பல் தூத்துக்குடிக்கு வருகிறது, அந்தத் தண்ணீர் கெட்டுப்போவதற்குள் சோதனையை ஆரம்பித்தாக வேண்டும், ஒரு வாரம் பக்கத்திலேயே இருந்து பார்க்க வேண்டும், இந்தச் சோதனை முடிந்தால்தான் பட்டம், பட்டம் கையில் வந்தால்தான் பனிக்கடல் கப்பல். முகூர்த்தத்தை மாற்றுவதற்கு உன் மாமியார் வீட்டில் கேட்க எனக்குத் தைரியம் இல்லை, கப்பலை மாற்றுவதற்கு உன் கைடு மேடத்துக்கு அதிகாரம் இல்லை. கடைசியில் நீ ஐஸ்பெட்டிகளோடு நம் திருநகர் வீட்டில் வந்து இறங்கினாய். சீர்வரிசைப் பாத்திரங்களை இறக்கிக்கொண்டிருந்த வண்டிக்காரர் இதையும் சேர்த்து இறக்கிவிட்டு, "இதுல என்னம்மா, ஐஸ்கிரீமா?" என்று கேட்டார். நீ உள்ளதைச் சொன்னாய். அவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே போனார்.

மொட்டைமாடி அறையைக் காலி பண்ணி, பெரிய நீலத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, அதில் பதினைந்து பாட்டில்களை நிறுத்தி, வெளிச்சம் படாமல் கறுப்புத் துணியால் மூடினாய். மும்மூன்றாக ஐந்து வகை. மூன்றில் தழைச்சத்து என்கிற நைட்ரஜன், மூன்றில் மணிச்சத்து என்கிற பாஸ்பரஸ், மூன்றில் குளுக்கோஸ், மூன்றில் இவை எல்லாமும், கடைசி மூன்றில் ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாத பாட்டில்களை வைத்துத்தான் மற்ற எல்லாவற்றையும் ஒப்பிட வேண்டும், அது போனால் எல்லாம் போச்சு என்று மூன்று தடவை சொன்னாய். உன் அம்மாவுக்கு இதெல்லாம் காதில் விழவில்லை. கல்யாண வீட்டுக்குள் கிருமி வந்துவிட்டது என்பது மட்டும்தான் விழுந்தது. மாடிப்படியில் ஏறும் இடத்தில் ஒரு வாளி மஞ்சள் தண்ணீரை வைத்துவிட்டு, இறங்கி வருகிறவர்கள் காலைக் கழுவாமல் அடுப்படிப் பக்கம் வரக்கூடாது என்று உத்தரவு போட்டாள். கடைசிவரைக்கும் அந்த வாளியில் கால் கழுவியது நான் மட்டும்தான்.

ஏனென்றால் நலங்கு வைத்த பிறகு மணப்பெண் மாடிக்குப் போகக்கூடாது என்று பெண்கள் கூடி முடிவு செய்துவிட்டார்கள். தினமும் காலையில் ஒவ்வொரு பாட்டிலிலிருந்தும் ஊசிக் குழாயால் கொஞ்சம் தண்ணீரை எடுத்துச் சின்னக் குப்பியில் விட்டு மருந்து சேர்த்து ஐஸ்பெட்டியில் வைக்க வேண்டிய வேலை எனக்கு வந்தது. கையில் உறை, தலையில் உறை, வாயில் உறை. வெறும் கையின் வியர்வை பட்டாலே கணக்குத் தப்பிவிடும் என்று நீ பயமுறுத்தியிருந்ததால் நான் மூச்சைக்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் விட்டேன். பந்தல்காரர் கம்பு கட்ட மாடிக்கு வந்தவர், அந்தக் கோலத்தில் என்னைப் பார்த்துவிட்டு, "அண்ணே, வீட்ல யாருக்கும் முடியலையா? கல்யாணம் நடக்கும்ல?" என்று கீழே போய் விசாரித்திருக்கிறார்.

அப்போதுதான் விளாங்குடியிலிருந்து உன் அத்தை வந்து சேர்ந்தாள். என் அக்காவை உனக்கு நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை, ஆனால் ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும். நம் வகையறாவில் எந்த விசேஷம் என்றாலும் பந்தியில் நின்று பரிமாற வைப்பது அவள்தான். பந்தி வஞ்சனை என்பது அவள் அகராதியில் கொலைக்கு அடுத்த பாவம். ஒரு இலைக்கு அப்பளம் விட்டுப்போனால் அந்த ஆள் கை கழுவிவிட்டு வெளியே போய் பஸ்ஸுக்கு நின்றாலும் துரத்திப் போய்க் கொடுப்பாள். அவளிடம் போய் நான் பெருமை பீற்றிக்கொண்டதுதான் இத்தனைக்கும் காரணம். மகள் செய்கிற ஆராய்ச்சியை அக்காவுக்குப் புரிகிற மாதிரி சொல்லலாமே என்று, "பதினஞ்சு பேரு பந்தியில உக்காந்திருக்காகன்னு வச்சுக்கக்கா. ஒரு மூணு பேருக்குச் சோறு, ஒரு மூணு பேருக்குக் குழம்பு, ஒரு மூணு பேருக்கு இனிப்பு, ஒரு மூணு பேருக்கு எல்லாம்" என்றேன்.

"மத்த மூணு பேருக்கு?" என்றாள்.

"ஒண்ணும் கிடையாது. வெறும் இலைதான்."

"வெறும் இலையப் போட்டு எதுக்கு உக்கார வச்சீக?" என்றாள். மற்றவர்கள் எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்று ஒப்பிட்டுப் பார்க்க என்றேன். "அதுகளப் பட்டினி போட்டு வேடிக்க பாக்குறதுக்குப் பேரு படிப்பா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். நான் இதை ஒரு நகைச்சுவையாக எடுத்துக்கொண்டு கடைக்குப் போன் பண்ணப் போய்விட்டேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம் அண்டா எடுக்க வேண்டும், மாடி அறைச் சாவியைக் கொடு என்றாள். அந்த அறையில் அண்டாவே கிடையாது. ஆனால் மண்டபத்துக்காரர் ஒரு பக்கம், மேளக்காரர் ஒரு பக்கம் என்னை இழுத்துக்கொண்டிருந்ததில் இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்துக் கொடுத்துவிட்டேன். மறுநாள் விடியும்போது முகூர்த்தத்துக்குக் கிளம்புவதற்கு முன்னால் பட்டு வேட்டியோடு மாடிக்குப் போய் உறைகளைப் போட்டுக்கொண்டு துணியை விலக்கினால், தொட்டிக்குப் பக்கத்தில் தரையில் எறும்பு வரிசை. எறும்புக்கு உன் ஆராய்ச்சி பற்றி ஒன்றும் தெரியாது, ஆனால் சீனி எங்கே சிந்தியிருக்கிறது என்று தெரியும். ஒன்றும் போடாத மூன்று பாட்டில்களின் மூடியிலும் பிசுபிசுப்பு. பக்கத்திலேயே நம் வீட்டு எவர்சில்வர் கரண்டி. என் சர்க்கரை வியாதிக்காக வீட்டில் சீனி டப்பாவை என் கண்ணில் படாமல் மறைத்து வைத்திருந்தார்கள். எனக்கே எங்கே என்று தெரியாத டப்பா மாடி ஏறி வந்து உன் கப்பலைக் கவிழ்த்துவிட்டுப் போயிருக்கிறது.

இருந்தாலும் சொன்ன வேலையை விடவில்லை. பதினைந்திலும் தண்ணீர் எடுத்துக் குப்பியில் அடைத்துவிட்டுத்தான் இறங்கினேன். மண்டபத்தில் அக்காவைத் தேடிப் பிடித்துக் கேட்டேன். மறைக்கிற ஆளா அவள்? "ஆமா, நாந்தான் வச்சேன். ஆளுக்கு ஒரு கரண்டி. கல்யாண வீட்ல ஒரு சீவன் வயிறு காஞ்சு கெடந்தா புள்ளைக்கு ஆகுமாடா தம்பி?" என்றாள். உன் நன்மைக்காகச் செய்திருக்கிறாள், நான் எதைச் சொல்லித் திட்டுவது? உன் அம்மா என் சட்டையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போய், "தாலி ஏறுற வரைக்கும் வாயத் தொறந்தீங்க, அப்புறம் நான் மனுசியா இருக்க மாட்டேன்" என்றாள். நானும் திறக்கக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் தாரை வார்க்கிற நேரத்தில், உன் கையை மாப்பிள்ளை கையில் வைத்து, மேலே என் கையை வைத்திருக்கும்போது, தலையைக் குனிந்தபடியே நீ கேட்டாய்.

"காலையில தண்ணி எடுத்தீங்களாப்பா?"

"எடுத்தேன் பாப்பா."

"எல்லாம் சரியா இருந்துச்சா?"

பொய் சொல்லிப் பார்த்தேன், வரவில்லை. "அத்தை சீனி போட்டிருச்சு" என்றேன்.

"எதுல?"

"ஒண்ணும் போடாததுல. மூணுலயும்."

உன் முகம் போன போக்கை வீடியோக்காரர் ரொம்ப அழகாகப் படம் பிடித்திருக்கிறார். பிறந்த வீட்டைப் பிரிகிற துக்கம் என்று நினைத்துப் பக்கத்தில் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார், பார்க்கிறவர்கள் எல்லாரும் இன்றைக்கும் அந்த இடத்தில் கண் கலங்குகிறார்கள். ஐயர், "சம்பாஷணை அப்புறம் வச்சுக்கலாம், தண்ணிய விடுங்கோ" என்றார். அப்போதுதான் மாப்பிள்ளை மெதுவாக உன் பக்கம் சாய்ந்து என்ன என்று கேட்டார். நீ சொன்னாய். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருக்கிற மனிதர், மாலை கழுத்தை உறுத்திக்கொண்டிருக்க, "எத்தனாவது நாள் போட்டாங்க?" என்று கேட்டார். அஞ்சாவது நாள் என்றேன். "அப்ப முதல் நாலு நாள் கணக்கு சுத்தமாத்தான இருக்கு? அதுக்கப்புறம் நடந்தத தனிக் கணக்காப் பாருங்க" என்றார். உன் முகத்தில் ரத்தம் திரும்பியது. எனக்கு அந்த மனிதரை மணவறையிலேயே கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது, தண்ணீர்ச் செம்பு கையில் இருந்ததால் விட்டுவிட்டேன்.

தாலி கட்டி முடிந்து எல்லாரும் சாப்பிடப் போனபோது நீ மட்டும் இலைக்கு முன்னால் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தாய். அன்றைக்குச் சாயங்காலமே மாடிக்குப் போனாய், நலங்குச் சட்டம் தாலி ஏறினால் செல்லாது என்று உன் அம்மாவிடம் வாதாடிவிட்டு. அத்தை சீனி போட்ட மூன்றில் ஒன்றில் மட்டும் ஒரு சொட்டு மணிச்சத்து விட்டாய், மற்ற இரண்டையும் அப்படியே விட்டாய். மறுவீட்டுக்கு மாப்பிள்ளை வீடு போகிற காரில் தொட்டிக்கு இடம் இல்லை. ஐஸ்பெட்டிக்குள் தண்ணீர் விட்டுப் பாட்டில்களை நிறுத்தி, பெட்டியை மாப்பிள்ளை மடியில் வைத்துக்கொண்டார். பட்டு வேட்டி முழங்கால் வரைக்கும் நனைந்துபோய் அவர் இறங்கியதைப் பார்த்து, ஆரத்தித் தட்டோடு நின்றிருந்த உன் மாமியார், "இது என்ன சீரு, எங்க ஊர்ல இல்லாத சீரா இருக்கு" என்றார். "மெதுவாம்மா, இதுல கோடிக்கணக்கில ஆள் இருக்காக" என்று மாப்பிள்ளை சொன்னார். அந்த அம்மாள் ஒன்றும் கேட்காமல் ஐஸ்பெட்டிக்கும் சேர்த்து ஆரத்தி சுற்றினார். நல்ல சம்பந்தம் என்று நான் நிம்மதியாக மூச்சுவிட்டது அந்த நிமிஷத்தில்தான்.

பிறகு நீ படிக்கிற ஊருக்குப் போய்க் குப்பிகளை மைக்ராஸ்கோப்பில் வைத்து எண்ணி முடித்துவிட்டுப் போன் பண்ணினாய். முதல் செய்தி எனக்கு அவமானம். தழைச்சத்து போட்ட பாட்டில்களில் ஒரு வளர்ச்சியும் இல்லை. குளுக்கோஸ் போட்டதிலும் இல்லை. மணிச்சத்து போட்டதில்தான் வளர்ந்திருந்தது, எல்லாம் போட்டதில் எக்கச்சக்கமாக வளர்ந்திருந்தது. அத்தையின் கரண்டிச் சீனி அத்தனையும் இரண்டு பாட்டில்களில் சும்மா கிடந்தது. ஆனால் நீ ஒரு சொட்டு மணிச்சத்து விட்ட அந்த மூன்றாவது பாட்டிலில், வெறும் மணிச்சத்து போட்டதைவிடப் பல மடங்கு பெருகியிருந்தது. அதாவது முதல் குறை மணிச்சத்து, அது தீர்ந்த பிறகு அடுத்த குறை சீனி. அடுத்தது எது என்று பார்க்க வேண்டும் என்பது உன் திட்டத்திலேயே இல்லை. கரண்டி பட்ட பாட்டிலை நம்பி எழுத முடியாது என்று கைடு மேடம் சொல்லி, அடுத்த கப்பலில் வந்த தண்ணீரை வைத்து அத்தை செய்ததையே சுத்தமாகத் திரும்பச் செய்தாய். அப்போதும் அதேதான் வந்தது. கப்பலுக்கு விண்ணப்பிக்க ஒரு வாரம் இருக்கும்போது ஆய்வேட்டைக் கொடுத்து முடித்தாய்.

வாய்மொழித் தேர்வுக்கு யார் வேண்டுமானாலும் வரலாம் என்று நீ விளையாட்டாகச் சொன்னதை உன் அத்தை அழைப்பாக எடுத்துக்கொண்டாள். ஒரு டின் முறுக்கு, ஒரு டின் அதிரசத்தோடு உனக்கும் எங்களுக்கும் முன்னால் காரில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். வருகிறவர்களுக்கு என்ன கொடுக்கப் போகிறீர்கள் என்பதுதான் அவள் கவலை. உள்ளே கடைசி வரிசையில் டின்னை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை புரியாமல், கண் கொட்டாமல் கேட்டாள். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் முகத்தைப் பார்த்தாலே எனக்குச் சுகர் ஏறியது. ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டே வந்தவர், ஓர் இடத்தில் நிறுத்தி, முதலில் சீனி, பிறகு மணிச்சத்து என்று இப்படி வரிசை மாற்றிப் பார்க்கும் யோசனை எப்படி வந்தது, நன்றாக இருக்கிறதே என்றார். வேறு யாராக இருந்தாலும் தான் யோசித்ததாகச் சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். கேட்டால் தெரியவா போகிறது? நீ ஒரு நிமிஷம் எங்கள் பக்கம் பார்த்தாய். பிறகு தமிழிலேயே சொன்னாய்.

"அது நான் யோசிச்சதில்ல சார். முதல்ல எங்க அத்தை செஞ்சாங்க."

"உங்க அத்தை எந்த யுனிவர்சிட்டி?"

"விளாங்குடி சார்."

அறை முழுக்கச் சிரித்தது. விளாங்குடி என்ற ஒரு சொல் காதில் விழுந்ததும் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அக்கா டின்னோடு எழுந்து நின்றுவிட்டாள். உட்காரக்கா என்று நான் புடவையை இழுத்தேன், கேட்கவில்லை. தேர்வாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஏம்மா, ஒண்ணும் போடக்கூடாத பாட்டில்ல நீங்க ஏன் போட்டீங்க?" என்று கேட்டார்.

"பசிக்குதுன்னு வாயத் தொறந்து கேக்கத் தெரியாத சீவனுங்கய்யா. நாமதான பாத்து வைக்கணும்?"

"ஆனா நீங்க வச்சத அது சாப்பிடவே இல்லையேம்மா."

"பாப்பா கார்ல வரும்போது சொல்லுச்சுங்கய்யா. சோறு வைக்காம பாயாசத்த ஊத்திப்புட்டேனாம். எனக்கு என்னத்தத் தெரியும்? எது இல்லன்னு ஒரு வார்த்த கேட்டுட்டு வச்சிருக்கணும்" என்றாள். அத்தனை மாதமாக உன் படிப்பைக் கெடுத்துவிட்டோம் என்று அவள் மருகிக்கொண்டிருந்தது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. தேர்வாளர் எழுந்து வந்து டின்னைத் தானே திறந்து ஒரு முறுக்கை எடுத்துக் கடித்துக்கொண்டே, "இனிமே இந்தப் பொண்ணு டாக்டர்ம்மா, உக்காருங்க" என்றார். உன் அம்மா அழுதாள், அக்கா அழுதாள், நான் சுகர் மாத்திரை போட மறந்தது ஞாபகம் வந்து வெளியே போவது போலப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

இப்போது கடையில் ஒருவர் வந்து யூரியா கேட்டார். பயிர் மஞ்சளடிக்கிறதாம். என்ன குறைகிறது என்று மண்ணைக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு வாங்க அண்ணே என்றேன். அவர் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார். நீ டாக்டர் ஆனதிலிருந்து எனக்கு வியாபாரம் கொஞ்சம் சரிவுதான்.

புத்தி சொல்லாமல் கடிதம் எழுதினால் அப்பா எழுதியது என்று நீ நம்ப மாட்டாய், அதனால் சொல்கிறேன். நாம் அள்ளிக் கொட்டுகிற ஜாதி. பிடித்தவர்களுக்கு நம்மிடம் இருப்பதைக் கொட்டுவோம், அவர்களுக்கு இல்லாதது எது என்று கேட்க மாட்டோம். கல்யாணமான நாளிலிருந்து உன் அம்மாவுக்குத் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் புடவையாக வாங்கி அடுக்கினேன். போன மாதம் கால் புண்ணால் வீட்டில் கிடந்தபோது, "இப்படி மத்தியானம் ஒரு வேளை எங்கூட உக்காந்து சாப்பிட்டிருந்தீங்கன்னா பாதிப் புடவ வாங்கியிருக்க வேணாம்" என்கிறாள். நீயும் கப்பலிலிருந்து திரும்பி வரும்போது அந்த நல்ல மனிதருக்குப் பெட்டி நிறைய எதையாவது வாங்கிக்கொண்டு வந்து நிற்காதே. எது இல்லாமல் இருந்தார் என்று முதலில் கேள். அவரையும் உன்னிடம் கேட்கச் சொல். கூச்சமாகத்தான் இருக்கும், எங்களுக்கு அந்தக் கூச்சம் தெளிய முப்பது வருஷம் ஆகிவிட்டது.

கால் புண் ஆறிக்கொண்டு வருகிறது. பொய் இல்லை, வேண்டுமானால் மாப்பிள்ளை வந்து பார்க்கட்டும். கட்டுப் போட நர்ஸம்மா வருகிறார், மாத்திரையை உன் அம்மா எண்ணிக் கொடுக்கிறாள், உன் அத்தை வாரத்துக்கு இரண்டு நாள் விளாங்குடியிலிருந்து வந்து எனக்குச் சீனி இல்லாத பாயசம் என்று ஒன்றை வைத்துக் கொடுக்கிறாள், அதையும் குடிக்கிறேன். பேச ஆள் இருக்கிறது, கடை இருக்கிறது, காசுக்குக் குறைவில்லை. நீ போகப்போகிற அந்தக் கடலில் எல்லாம் நிறைந்து கிடக்க இரும்புச்சத்து ஒன்றுதான் இல்லை என்று சொன்னாய். அப்படி இந்த வீட்டில் எது குறையும் என்று நீ என்னைக் கேட்பாய், நேற்றே கேட்கத்தான் வாயெடுத்தாய். தயவுசெய்து கேட்காதே பாப்பா. கேட்டால் நான் உண்மையைச் சொல்லிவிடுவேன், நீ கட்டிய பெட்டியை அவிழ்த்துவிடுவாய்.

நீ கேட்காமல் கப்பல் ஏறு. நான் சொல்லாமல் வழியனுப்ப வருகிறேன்.

அப்பா